மாடு ஓடுற எடம்

கடத்தூர் ரோட்டில் மதியழகன் கட்டியிருக்கும் பூங்காவுக்கு அவர் வைத்த பெயர் யார் வாயிலும் நுழையவில்லை. சனங்கள் 'தண்ணிப் பார்க்' என்றே சொல்கிறார்கள். சறுக்கி விழ ஒரு தொட்டி, சுற்ற ஒரு ராட்டினம், முட்டிக்கொள்ள நாலைந்து கார். இவற்றுக்கு நடுவே தகரக் கொட்டகைக்குள் நிற்கிறது பறக்கிற பொட்டி. ஆகாய விமானத்தில் போகிற அனுபவம் என்று வெளியே போர்டு தொங்கினாலும், ஒரு மினி பஸ்ஸைப் பாதியில் வெட்டி இரும்புக் கால்களின் மேல் தூக்கி வைத்த மாதிரிதான் இருக்கும். உள்ளே மூன்று வரிசை சீட்டு, எதிரே சுவர் அளவுக்குத் திரை. திரையில் படம் ஓட ஓட, கால்கள் பொட்டியைத் தூக்கும், சாய்க்கும், குலுக்கும். படத்தில் பள்ளம் வந்தால் பொட்டியும் பொதுக்கென்று இறங்கும். வயிறு தொண்டைக்கு வரும். அதற்குத்தான் டிக்கெட்.

அதை ஓட்டுகிறவன் பூவரசன். சித்தேரி மலையில் பிறந்து, அரூரில் ஹாஸ்டலில் தங்கிப் படித்து, ஐ.டி.ஐ. முடித்தவன். மலையை விட்டு இறங்கியவன் இறங்கியவன்தான். ஆனால் மலை அவனை விடவில்லை. அங்கே அக்கா செல்லி இருக்கிறாள், அவள் புருசன் காளியப்பன் இருக்கிறார், ஒரே மகள் சுசித்ரா இருக்கிறாள். தாய்மாமன் என்ற பதவியைப் பூவரசன் ரொம்பப் பெருமையாகத்தான் வைத்திருந்தான். சுசித்ரா பெரியவளானபோது சீர்த்தட்டோடு ஒரு சிவப்புக் கிடேரியையும் அரூர்ச் சந்தையில் பிடித்து, லாரியில் ஏற்றி, மலைக்குக் கொண்டுபோய்க் கட்டினான். நெற்றியில் வெள்ளைச் சுட்டி. செவலை என்று கூப்பிட்டார்கள். அது வளர்ந்து, கன்று போட்டு, பால் கொடுத்து, அந்த வீட்டில் ஒரு ஆள் மாதிரியே ஆகிவிட்டது.

பொட்டிக்குள் முதலில் ஓடிக்கொண்டிருந்தது பனிமலைப் படம். பெங்களூரில் ஏதோ பொருட்காட்சியை மூடும்போது பொட்டியோடு சேர்ந்து வந்தது. எந்த நாட்டுப் பனியோ, யாருக்கும் தெரியாது. ஆரம்பத்தில் வாயைப் பிளந்து பார்த்தவர்கள், அப்புறம் கொட்டாவி விட்டார்கள். "அதே ஐஸ்தானாங்க?" என்று டிக்கெட் கவுண்டரில் கோகிலவாணியிடம் கேட்டுவிட்டு ராட்டினத்துக்குப் போய்விடுவார்கள்.

மதியழகன் போர்வெல் லாரி ஓட்டிச் சம்பாதித்தவர். ஒரு இடத்தில் தண்ணீர் வரவில்லையென்றால் அடுத்த இடத்தில் துளை போடுகிற புத்தி.

"பூவரசு, எவனோ ஊரு ஐஸை நாம எதுக்குக் காட்டிக்கிட்டுக் கெடக்கணும்? நம்மகிட்ட மலை இல்லியா?"

"இருக்குதுங்கண்ணா."

"உங்க சித்தேரி ஒண்ணு போதாதா? ட்ரோன் வுட்டு எடுத்தம்னா அரூர்க்காரன், கடத்தூர்க்காரன் அத்தன பேரும் வந்து ஒக்காருவான். நம்ம மலை மேல நாமளே பறக்கறோம்னா சும்மாவா?"

"சூப்பரா இருக்கும்ணா. நானே கூட்டிக்கிட்டுப் போறன். எனக்குத் தெரியாத எடமா?"

இந்தக் கடைசி வார்த்தையை அவன் எத்தனை சந்தோசமாகச் சொன்னான் என்பதை நினைத்தால் இப்போது அவனுக்கே கூசுகிறது.

ஆவணி மாதம். சேலத்தில் கல்யாண வீடியோ எடுக்கிற கலைவாணன் ட்ரோன் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தான். பூவரசனின் பைக்கில் இருவரும் மலையேறினார்கள். சாமை கதிர் பிடித்திருந்தது. மேலே வானம் கழுவி விட்டது போலிருந்தாலும் தூரத்தில் மழை திரண்டுகொண்டிருந்தது. அக்கா வீட்டில் நாட்டுக்கோழி அடித்திருந்தார்கள். சாமைச் சோற்றைக் குவித்து, குழி பறித்து, குழம்பை ஊற்றி, "தின்னுங்க சாமி, வெக்கப்படாதீங்க" என்று செல்லி கலைவாணனை வயிறு முட்ட வைத்தாள்.

"பாப்பா எங்கக்கா?"

"மாட்ட ஓட்டிக்கிட்டு மேக்கால போயிருக்கா. காலேஜு லிஸ்ட் வுட்டுருப்பாங்களாம். அந்தப் பாறை மேல ஏறுனாத்தான டவரு கெடைக்கும்? நர்ஸுக்குப் படிக்கணும்னு ஒத்தக் கால்ல நிக்கறா. உங்க மாமாவும் சரின்னுட்டாரு."

"எங்க வூட்டையும் படத்துல புடிப்பீங்களா?" என்று காளியப்பன் சிரித்துக்கொண்டே கேட்டார்.

"மொதல்ல உங்க வூடுதான் மாமா."

வீட்டை எடுத்தார்கள். ஓடையை எடுத்தார்கள். கிழக்கே வளைந்து இறங்கும் பஸ் ரோட்டை எடுத்தார்கள். பிறகு மேட்டில் நின்றுகொண்டு ட்ரோனை மேற்கே விட்டார்கள். அது கண்ணுக்குத் தெரியாத தூரம் போய்விட்டது. கலைவாணன் கையிலிருந்த சின்னத் திரையில் மட்டும் புல்வெளி நகர்ந்தது. வெயில் கூசியதால் இருவரும் தலையில் துண்டைப் போர்த்திக்கொண்டு குனிந்து பார்த்தார்கள்.

"அண்ணா, ஒரு மாடு. சத்தத்துக்கு மெரளுதுண்ணா."

ஒரு சிவப்புப் புள்ளி எகிறி ஓடியது. யார் வீட்டு மாடு என்று பூவரசன் யோசிக்கவில்லை.

"செமையா இருக்குண்ணா. எறக்கிக் கூடவே போவட்டுமா?"

"போ, போ. வுடாத. தொரத்து!" என்றான் பூவரசன்.

மாடு ஓட, ட்ரோன் அதன் முதுகை உரசுகிற மாதிரி பின்னாலேயே போக, இருவரும் துண்டுக்குள் சிரித்தார்கள். விளிம்பில் பள்ளம் வந்ததும் கலைவாணன் ட்ரோனை மேலே தூக்கிவிட்டான். மாடு திரையை விட்டுப் போய்விட்டது. அது எந்தப் பக்கம் போனது என்று யார் பார்த்தார்கள்? இருட்டுவதற்குள் இறங்கவேண்டும், மழை வேறு வருகிறது என்று பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். வழியெல்லாம் நல்ல மழை.

மறுநாள் செல்லி போன் செய்தாள்.

"செவல போயிடுச்சுடா தம்பி. மேக்காலப் பள்ளத்துல வுழுந்து கெடந்துச்சு. மழைத் தண்ணியில பாதி முங்கி..."

பூவரசன் சிவப்புப் புள்ளி என்று பார்த்ததற்கு நெற்றியில் சுட்டி முளைத்தது. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தான். "ஐயோ, எப்பிடிக்கா?" என்றுதான் வாயிலிருந்து வந்தது. ஒரு பொய்யும் சொல்லாமலே பொய்க்காரன் ஆகிவிடுவது எவ்வளவு சுலபம் என்று அன்றைக்குத்தான் அவனுக்குத் தெரிந்தது.

துக்கத்துக்குப் போகிற மாதிரி மலையேறினான். புதைத்துவிட்டிருந்தார்கள். செல்லி அழ, அவனும் கூடக் கிடந்து அழுதான். கன்று கொட்டாயில் கத்திக்கொண்டிருந்தது. காளியப்பன் வாசலில் குந்தியிருந்தார். சுசித்ரா சுவரோரம் நின்றிருந்தாள். அழுது அழுது மூஞ்சி வீங்கியிருந்தது.

"கட்டுனன் கட்டுனன்ங்கறா மச்சான்," என்றார் காளியப்பன். "கட்டியிருந்தா கயிறு எங்க? முளைக்குச்சி எங்க? பூமியா முழுங்கும்? கட்டுன எடம்னு அவ காட்டுன எடத்த நானே போயித் தடவிப் பாத்துட்டன். ஒண்ணையும் காணோம். பள்ளத்துலயும் காணோம். மாட்டுக் கழுத்துல மணிக்கயிறு மட்டும்தான் கெடக்குது."

அந்த மலையில் மேய்க்கப் போகிறவர்கள் முளைக்குச்சியும் நீளக் கயிறும் தோளில் போட்டுக்கொண்டு போவார்கள். புல் இருக்கும் இடத்தில் முளையைக் கல்லால் அடித்து இறக்கி, கயிற்றின் ஒரு முனையை முளையிலும், மறுமுனையை மணிக்கயிற்றிலும் கட்டிவிட்டால் மாடு அந்த வட்டத்துக்குள்ளேயே மேயும். சாயந்திரம் அவிழ்த்து, முளையைப் பிடுங்கிக்கொண்டு வருவார்கள். சுசித்ரா அப்படித்தான் கட்டியதாகச் சொன்னாள். ஆனால் கயிறும் இல்லை, முளையும் இல்லை.

"எங்கியோ தூக்கிப் போட்டுட்டு, மாட்டக் கட்டாம வுட்டுட்டு, போனத் தூக்கிக்கிட்டுப் பாறை மேல ஏறி ஒக்காந்துக்கிட்டா. வாயில்லா சீவன். எத்தத் தின்னுச்சோ, எங்க மெரண்டுச்சோ..."

"கட்டுனம்பா," என்றாள் சுசித்ரா.

அப்போது எல்லோரும் ஏதாவது சொல்லிக்கொண்டிருந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள் சொன்னார்கள், செல்லியும் சொன்னாள். பூவரசன் மட்டும் சும்மா இருந்தான். தான் சும்மா இருப்பதை எல்லோரும் கவனிக்கிறார்கள் என்று அவனுக்குத் திடீரென்று ஒரு பயம் வந்தது.

"ஏன் பாப்பா, மாட்டை விட உனக்குப் போனு பெருசாப் போச்சா?" என்றான்.

அவள் நிமிர்ந்து மாமனைப் பார்த்தாள். அதற்கப்புறம் 'கட்டுனன்' என்று சொல்வதை நிறுத்திவிட்டாள்.

மாட்டைச் சாகக் கொடுத்தவர்கள் அடுத்த மாட்டுப் பொங்கல் வரைக்கும் கொட்டாய்க்குள் கால் வைக்கக்கூடாது, பாலைத் தொடக்கூடாது, குடிக்கவும் கூடாது என்று அந்த ஊரில் ஒரு கட்டு உண்டு. யாரும் வந்து சொல்லவில்லை. சுசித்ராவே கறுப்புக் காப்பி குடிக்க ஆரம்பித்தாள். நர்சிங் சீட்டு கிடைத்து வந்தது. காளியப்பன் அனுப்பவில்லை. "ஒரு மாட்டப் பாத்துக்கத் தெரியல. ஆஸ்பத்திரியில மனுசங்கள இவகிட்ட ஒப்படைக்கப் போறாங்களா?" என்று செல்லியிடம் சொன்னார். மகளிடம் அவர் பேச்சை விட்டுவிட்டார்.

படம் தயாராகி வந்தது. கலைவாணன் வெட்டி ஒட்டி, காற்றுச் சத்தம் சேர்த்து, அமர்க்களப்படுத்தியிருந்தான். மாடு ஓடுகிற இடம்தான் இருப்பதிலேயே நன்றாக இருக்கிறது என்று மதியழகன் தொடையில் தட்டினார். ஆனால் படம் மட்டும் போதாது. எந்த இடத்தில் பொட்டி சாயவேண்டும், எங்கே குலுங்கவேண்டும், எங்கே இறங்கவேண்டும் என்று யந்திரத்துக்குக் கற்றுக்கொடுக்கவேண்டும். லேப்டாப்பில் படத்தை ஓடவிட்டு, ஒரு கைப்பிடியைப் படத்துக்குத் தகுந்தபடி அசைத்தால், அந்த அசைவையெல்லாம் யந்திரம் மனப்பாடம் செய்துகொள்ளும். அது பூவரசனின் வேலை.

பஸ் ரோட்டு வளைவுகளில் கைப்பிடியைச் சாய்த்தான். அக்கா வீட்டு மேல் மெதுவாகத் தூக்கினான். மாடு ஓடும்போது அதன் குளம்புக்குத் தகுந்தபடி குலுக்கினான். பள்ளத்து விளிம்பில் கைப்பிடியை ஒரே அமுக்காக அமுக்கினான். செவலை விழுந்த இடத்தில் தன் கையாலேயே அமுக்குகிறோம் என்று தெரிந்துதான் அமுக்கினான். சரியாக வரவில்லை என்று மதியழகன் சொன்னதால் திரும்பவும் அமுக்கினான்.

ஆயுத பூஜைக்கு முதல் ஆட்டம். பெரிய திரையில் பார்த்தபோதுதான் அவனுக்கு அது தெரிந்தது. மாடு ஓடுகிறது, மாட்டின் கழுத்திலிருந்து நீளக் கயிறு தரையில் இழுபடுகிறது, கயிற்றின் கடைசியில் ஏதோ ஒன்று புல்லில் குதித்துக் குதித்துப் போகிறது. லேப்டாப்பில் அது வெறும் தூசியாகத்தான் இருந்தது. திரையில் அது முளைக்குச்சி.

கட்டித்தான் இருந்தாள். முளையடித்துத்தான் கட்டியிருந்தாள். மாடு மிரண்ட வேகத்தில் முளையே பிடுங்கிக்கொண்டு வந்திருக்கிறது. கயிறும் முளையும் மாட்டோடு பள்ளத்துக்குப் போய், அறுபட்டு, ராத்திரி மழையில் ஓடையோடு போயிருக்கும். சுசித்ரா சொன்னது ஒவ்வொரு எழுத்தும் நிசம். அந்த நிசம் உலகத்தில் ஒரே இடத்தில்தான் இருக்கிறது. அதை ஓட்டுகிற சுவிட்சு தன் கையில் இருக்கிறது.

படம் பிய்த்துக்கொண்டு ஓடியது. பறக்கிற பொட்டி என்ற பெயர் போய், 'மாட்டுப் படம்' என்றே ஆகிவிட்டது. "மாடு ஓடுற எடம் வருமாங்க?" என்று கோகிலவாணியிடம் உறுதி செய்துகொண்டுதான் டிக்கெட் வாங்கினார்கள். அந்த இடம் வந்ததும் உள்ளே ஒரே கூச்சல், "ஓடு ஓடு ஓடு!" பள்ளத்தில் பொட்டி இறங்கும்போது விசில். பூவரசன் அந்த இடம் வரும்போதெல்லாம் குனிந்து ஏதாவது ஒயரைச் சரி செய்வான். ஆனால் காது இருக்கிறதே.

மலையிலிருந்து போன் வந்தால் அவனுக்கு எடுக்கவே பயம். ஒருநாள் சுசித்ராவே பேசினாள்.

"மாமா, நான் கட்டுனன்னுதான் நெனச்சிக்கிட்டிருந்தன். இப்பல்லாம் எனக்கே சந்தேகமா இருக்குது. கல்லு எடுத்து முளைய அடிச்ச மாதிரி ஞாவகம் இருக்குது. அது அன்னிக்கி அடிச்சதா, மொத நாளு அடிச்சதான்னு தெரியல. கட்டாமத்தான் வுட்டுட்டனா மாமா?"

பூவரசன் 'நீ கட்டுன பாப்பா, நான் பாத்தன்' என்று சொல்லவேண்டியது ஒரு வரி. அதைச் சொன்னால் 'எங்கிருந்து பாத்தீங்க' என்பது அடுத்த வரி.

"அதையே நெனச்சிக்கிட்டு இருக்காத பாப்பா," என்றான். இப்படிச் சொல்கிற மனுசன் மேல் யாருக்காவது மரியாதை வருமா? அவனுக்கே வரவில்லை.

செல்லிக்கு ஆசை வேறு. "பஸ்ஸு கண்டக்டரு பாத்துட்டு வந்து சொன்னாரு, எங்க வூட்டு ஓடு தெரியுதாம், கோழி மேயறது தெரியுதாம். அக்காளக் கூட்டிட்டுப் போயி ஒருவாட்டி காட்டுனா என்னடா? பாப்பாவும் வூட்டோடயே கெடக்கறா, கொஞ்சம் சிரிப்பா."

தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தான். மார்கழி பிறந்து, அரையாண்டு லீவும் வந்தது. அவரைக்காய் விற்க அரூர்ச் சந்தைக்கு வருகிறோம், அப்படியே வருகிறோம் என்று செல்லி முடிவாகச் சொல்லிவிட்டாள்.

பூவரசன் மதியழகனிடம் போனான்.

"அண்ணா, அந்த மாடு ஓடுற எடத்த எடுத்துரலாங்கண்ணா. மாட்டத் தொரத்துற மாதிரி இருக்குது. எவனாச்சும் செல்லுல புடிச்சுப் போட்டு, மாட்டக் கொடுமப்படுத்தறாங்கன்னு கேஸு கீஸு ஆயிடுச்சுன்னா?"

"டேய், அதுக்குத்தானடா சனமே வருது!"

"சொல்றதச் சொல்லிட்டங்கண்ணா. அப்புறம் உங்க இஷ்டம்."

கேஸ் என்றால் போர்வெல்காரருக்குக் கொஞ்சம் உதறல் உண்டு. முணுமுணுத்துக்கொண்டே கலைவாணனுக்குப் போன் செய்தார். மாடு இல்லாத புதுப் படம் வந்தது. அந்த இடத்தில் வெறும் புல்வெளி, அப்புறம் அருவி. பூவரசன் கைப்பிடியை அசைத்துப் புது அசைவுகளைப் பதித்தான். பழைய படத்தை அழிக்கவேண்டியதுதான் பாக்கி. அழிக்கப் போனவன் கை நின்றுவிட்டது. அதை அழித்தால் சுசித்ரா கட்டியதும் அழிந்துவிடும். கம்ப்யூட்டரில் ஒரு மூலையில் அதை அப்படியே போட்டுவைத்தான். தைரியத்தினால் அல்ல, அதற்கும் தைரியமில்லாததால்.

சந்தை நாளன்று காலையில் மூவரும் வந்து இறங்கினார்கள். மூடுபனி விலகி இளவெயில் அடித்தது. செல்லி புதுச் சேலையில், கையில் அவரைக்காய்ப் பையோடு. "உனக்குன்னு பிஞ்சா பொறுக்கி வச்சன். கொட்டை முத்துறதுக்குள்ள கொழம்பு வச்சிரு." காளியப்பன் மடித்த வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு, மதியழகனுக்குப் பெரிய கும்பிடு போட்டார். சுசித்ரா இளைத்துப் போயிருந்தாள். அப்பாவுக்கும் அவளுக்கும் நடுவில் எப்போதும் செல்லி இருந்தாள்.

கடையில் ரோஸ்மில்க் வாங்கிக் கொடுத்தான். சுசித்ரா தன் கிளாசை மேசை மேலேயே வைத்துவிட்டாள்.

"குடி பாப்பா."

"பாலு மாமா."

வேறு ஏதாவது வாங்கலாம் என்றுகூட அவனுக்குத் தோன்றவில்லை.

மதியழகன் தாராளமாக, "நம்ம பூவரசு வூட்டுக்காரங்க, தனியாவே ஒரு ஆட்டம் போட்டு வுடு," என்றார். வெளியே வரிசை காத்திருக்க, மூவரையும் உள்ளே உட்காரவைத்து பெல்ட்டை மாட்டிவிட்டுப் புதுப் படத்தைப் போட்டான். செல்லி, "ஆத்தாடி, அய்யய்யோ, டேய் புடிடா!" என்று கத்தினாள். தன் வீட்டு ஓட்டைப் பார்த்ததும், "ஏங்க, நம்ம வூடு! நம்ம வூடுங்க!" என்று புருசன் தொடையில் அடித்தாள். காளியப்பன் கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி சிரித்தார். கண்ட்ரோல் அறைக் கண்ணாடி வழியே பூவரசன் பார்த்துக்கொண்டிருந்தான். அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு எத்தனை நாளாகிவிட்டது. இது போதும், இப்படியே போகட்டும் என்று நினைத்தான்.

விளக்கு எரிந்தது. பெல்ட்டை அவிழ்க்கப் போனவன் பார்த்தான், சுசித்ரா அழுதுகொண்டிருந்தாள்.

"என்ன பாப்பா, பயந்துட்டியா?"

"இல்ல மாமா. மேக்கால நம்ம மேய்க்கிற எடம் வந்துச்சே, வெறும் புல்லா இருந்துச்சு. நீங்க படம் புடிச்ச அன்னிக்கித்தான செவல போச்சு? நான் ஒழுங்காக் கட்டியிருந்தன்னா அது அங்கியே நின்னிருக்கும். இந்தப் படத்துல வந்திருக்கும்."

பூவரசன் பெல்ட்டிலிருந்து கையை எடுத்தான். கண்ட்ரோல் அறைக்குப் போனான். பொட்டியை ஆட்டும் மோட்டாரை அணைத்தான். உறுமல் நின்று கொட்டகையே அமைதியானது. மூலையில் கிடந்த பழைய படத்தை எடுத்தான்.

"இன்னொரு படம் இருக்குது. சீட்டு ஆடாது. படம் மட்டும் பாருங்க," என்றான். திரும்பி வந்து பொட்டியின் கதவோரம் நின்றுகொண்டான்.

வீடு வந்தது, ரோடு வந்தது, புல்வெளி வந்தது. சிவப்பு மாடு எகிறியது.

"செவல!" என்றாள் செல்லி.

சீட்டு ஆடாதபோது படம் வேறு மாதிரி இருந்தது. மாட்டின் விலா ஏறி இறங்குவது தெரிந்தது. கழுத்து மணி ஆடுவது தெரிந்தது. கயிறு இழுபட, பின்னால் முளைக்குச்சி புல்லிலும் கல்லிலும் குதித்தது. பள்ளத்து விளிம்பு வந்தது, படம் வானத்துக்கு ஏறிவிட்டது.

"கட்டியிருக்கறன்," என்றாள் சுசித்ரா. "மாமா, கட்டியிருக்கறன். இன்னொரு வாட்டி போடுங்க."

போட்டான். அவள் பெல்ட்டைக் கழற்றிவிட்டுத் திரைக்குப் பக்கத்தில் போய் நின்றாள். முளைக்குச்சி வந்தபோது விரலை நீட்டி அதைத் தொட்டாள்.

காளியப்பன் எழுந்தார். இத்தனை மாதத்துக்குப் பிறகு மகளைப் பார்த்து அவர் பேசிய முதல் பேச்சு அது.

"அந்த முளை நுனி மழுங்கிப் போச்சு, வேற சீவிக் குடுப்பான்னு ரெண்டு மூணு வாட்டி கேட்டியே சாமி. நாந்தான் நாளைக்கி நாளைக்கின்னு இருந்துட்டன். கூர் இருந்திருந்தா புடுங்கியிருக்குமா? நாந்தான் கொன்னுட்டன். உன்னப் போட்டு அந்தப் பாடு படுத்துனனே..." பெரிய மனுசர், தோள் குலுங்க அழுதார். செல்லி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பூவரசன் கதவோரம் நின்றான். கேமரா எல்லாவற்றையும் காட்டும், தன்னைக் காட்டாது. படத்தில் மாடு இருக்கிறது, கயிறு இருக்கிறது, முளை இருக்கிறது. மாட்டைத் துரத்தச் சொன்னவன் மட்டும் படத்தில் இல்லை. பாப்பா மேலிருந்த பழி இறங்கிவிட்டது. அதைக் காளியப்பன் மாமா எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டார். இப்போது பேசாமல் இருந்தால் போதும். இந்த நல்ல காரியத்தைச் செய்ததற்கு அவனை வாழ்த்திவிட்டுக்கூடப் போவார்கள். அந்த எண்ணம் வந்தது. வந்ததை அவன் மறைக்க முடியாது. இன்னொரு ஆளையும் பழி சுமக்க விடுவதா என்று நினைத்தபோது அவனுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

"முளை இல்ல மாமா," என்றான். "அழுவாதீங்க. புது முளையா இருந்தாலும் புடுங்கிக்கிட்டுத்தான் ஓடியிருக்கும். மாடு சும்மா மெரளல. படம் புடிக்கிற மிஷினு அதும் தல மேல பறந்துச்சு. கூடவே போவட்டுமான்னு அந்தத் தம்பி கேட்டான். தொரத்துன்னு சொன்னவன் நானு."

காளியப்பன் துண்டை வாயில் வைத்தபடி நின்றார். செல்லிதான் கேட்டாள்.

"எப்பலருந்துடா உனக்குத் தெரியும்?"

"நீ போன் பண்ணுனயே, அப்பவே தெரியும்க்கா."

"துக்கத்துக்கு வந்தயே... எங்கூடக் கெடந்து அழுதயே?"

"ஆமாங்க்கா."

செல்லி அடிப்பாள் என்று நினைத்தான். அடித்திருந்தால் தேவலை. அவள் அவரைக்காய்ப் பை எங்கே என்று தேடுகிற மாதிரி கீழே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சுசித்ரா திரையை விட்டு மெல்ல வந்தாள். மாமனுக்கு எதிரே நின்றாள். கோபம் இல்லை அவள் முகத்தில். புரியாத ஒரு கணக்கைக் கேட்கிற மாதிரிதான் கேட்டாள்.

"தெரிஞ்சிக்கிட்டேதான் என்னத் திட்டுனீங்களா மாமா?"

பூவரசன் கதவை விட்டு நகர்ந்து வழிவிட்டான்.

மூவரும் படியிறங்கினார்கள். காளியப்பன் மகளின் தோளில் கை போட்டிருந்தார். பூவரசன் பின்னால் போகவில்லை. கொட்டகை வாசல் வழியே பார்த்தான். கடை மேசையில் ரோஸ்மில்க் கிளாஸ் இன்னும் அப்படியே இருந்தது. சுசித்ரா நின்றாள். அதை எடுத்தாள், நின்றபடியே ஒரே மூச்சில் கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தாள். கிளாசை வைத்துவிட்டு, புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் ரோட்டுக்கு நடந்தாள்.

வரிசையில் நின்றவர்கள் பொறுமை இழந்து உள்ளே வந்துவிட்டார்கள். பூவரசன் மோட்டாரைப் போட்டான். புதுப் படத்தை ஓட்டினான். பொட்டி தூக்கியது, சாய்ந்தது. புல்வெளி வந்து, அருவி வந்து, விளக்கு எரிந்தது. சனம் இறங்காமல் உட்கார்ந்திருந்தது.

"என்னங்க, மாடு வரலையே?" என்றார் ஒருவர். "மாட்டுக்காகத்தான புள்ளைங்களக் கூட்டியாந்தோம். மாடு எங்கங்க?"

"மாடு செத்துப் போச்சுங்க," என்றான் பூவரசன்.